பாதி ரோமை வைத்துக்கொண்டு ஒன்பது நாள்

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் கீபோர்டு, மிடி (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று பேசும் மொழி) அனுப்புவது எப்போதும் சேனல் 1-ல்தான். மாற்றுவதற்கு மெனு கிடையாது. அதை 2 ஆக்கிவிடலாம் என்று ஃபெர்ம்வேரில், அதாவது கீபோர்டுக்குள் ஓடும் புரோகிராமில், கை வைத்தேன்.

சவுண்டுகளை சிஸ்எக்ஸாக (மிடி வழியே எடுக்கும் பேக்கப்) எடுத்து வைத்தது, மூடியைத் திறந்தது, சாக்கெட்டிலிருந்து ரோமை, அதாவது அந்த புரோகிராம் இருக்கும் சிப்பை, கழற்றியது எல்லாம் ஒரு மாலை வேலை. சிப்பைப் படிக்கும் ரீடர் என்னிடம் இல்லை. பஸ் ஏறி ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று தடவை படித்தார். மூன்றும் ஒன்றுபோல வந்தன. "சுத்தமா இருக்கு சார்" என்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். 16,384 பைட், கணக்கும் சரி.

வீட்டில் டிஸ்அசெம்பிளரில் (பைட்டுகளைக் கட்டளைகளாக மாற்றிக் காட்டும் மென்பொருள்) திறந்தால், கடைசி இரண்டு பைட்டில் இருக்கும் ரீசெட் முகவரி, அதாவது புரோகிராம் தொடங்கும் இடம், ஒழுங்காக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் எல்லாம் குப்பை. தப்பு என் பக்கம்தான் என்று நினைத்தேன். பாதி உண்மை. கீபோர்டுக்குள் இருக்கும் பிராசஸர் ஹிட்டாச்சி 6303. நான் டிஸ்அசெம்பிளரில் மோட்டோரோலா 6803 என்று தேர்ந்தெடுத்திருந்தேன். ஹிட்டாச்சி கூடுதலாகச் சேர்த்த கட்டளைகள், உதாரணமாக ஹெக்ஸில் 71, 72 என்று தொடங்கும் மூன்று பைட் கட்டளைகள், அதற்குத் தெரியாது. அதை மாற்றியதும் மேல்பாதி பளிச்சென்று வந்தது. கீழ்ப்பாதிக்குத் தாவும் சப்ரூட்டீன் அழைப்புகள் மட்டும் ஏதோ கட்டளையின் நடுவில் போய் விழுந்துகொண்டே இருந்தன.

ஒன்பதாம் நாள் ராத்திரி, சும்மா ஃபைலை இரண்டாக வெட்டி ஒப்பிட்டேன். இரண்டும் அச்சு அசல் ஒன்று! சிப்பின் 26-ம் கால், அதாவது எந்தப் பாதியைப் படிப்பது என்று சொல்லும் ஏ13 முகவரிக் கால், கறுத்துப்போய் ரீடரில் படவே இல்லை. மேல்பாதியே இரண்டு தடவை வந்திருக்கிறது. கீபோர்டு சாக்கெட் இறுக்கிப் பிடித்ததால் அங்கே மட்டும் ஓடியிருக்கிறது.

மறுபடியும் பஸ். "மெஷின் ஓகேன்னுதானே சார் சொல்லுச்சு?" என்றார். சிப்பின் அந்தக் காலை ரப்பரால் தேய்த்துக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் முழு ரோம். இரண்டாவது தடவையும் காசு வாங்கிக்கொண்டார், அது வேறு.

எத்தனை தடவை ஒன்றுபோலப் படித்தாலும் நம்பாதீர்கள். கடையை விட்டுக் கிளம்புமுன் இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். சிப் எந்த வகை என்று ரீடர் தானாகப் பார்க்கும் சிப் ஐடி சோதனையையும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்காக ரீடர் ஒரு காலில் 12 வோல்ட் ஏற்றும், தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட பழைய மாஸ்க் ரோமுக்கு அது ஆகாது.

அப்புறம் எளிதாகப் போனது. மிடி வெளியே போவது சீரியல் வழியாக. 6303-ல் அப்படி அனுப்பும் பைட், ஹெக்ஸ் 13 என்ற முகவரிக்குத்தான் எழுதப்படும். அங்கே எழுதும் கட்டளையான 97 13 என்று தேடி, அங்கிருந்து பின்னோக்கிப் போனால் 90. நோட்-ஆன் (கட்டை அழுத்தப்பட்டது என்ற மிடி செய்தி), சேனல் 1. அதை 91 ஆக்கி, நாமே எழுதக்கூடிய புதிய 27சி128 சிப்பில் எழுதிப் போட்டேன். மூல ரோம் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

கட்டையை அழுத்தினேன், சேனல் 2-ல் சத்தம் வந்தது. பிட்ச் வீலைத் திருப்பினேன். அது இன்னும் 1-க்கே போய்க்கொண்டிருக்கிறது.