பத்து சென்ட் நிலமும் ஒன்பது பிள்ளைகளும்

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் காடோ தோட்டமோ உண்டு. ஆனால் பிள்ளைகளில் பாதிப் பேர் மண்வெட்டியைத் தொட்டதில்லை. போன வைகாசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர், சும்மா கிடந்த தன் பத்து சென்ட் நிலத்தை எங்களுக்குக் கொடுத்தார். ஞாயிறுதோறும் எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிறவர்களைக் கூட்டிக் காய்கறி போடலாம் என்று நானும் நண்பர்கள் இருவரும் இறங்கினோம்.

பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "நாங்க படுற பாடு போதாதா தம்பி, படிக்கிற புள்ளைய ஏன் மண்ணுல இறக்குறீங்க?" என்று ஓர் அம்மா கேட்டார். விலை கிடைக்காமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த வீடு அது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாரம் இரண்டு மணி நேரம்தான், பரீட்சை நேரத்தில் வர வேண்டாம் என்ற பிறகு மகளை அனுப்பினார்.

முதல் ஞாயிறு 14 பேர் வந்தார்கள். மண் பரிசோதனைக்கு மண் எடுத்தோம். யாரோ ஒரு பையன் யூரியா சாக்கில் அள்ளிவிட்டான். உரம் ஒட்டியிருந்தால் முடிவு தப்பாக வரும் என்று அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினோம். வரப்பு, மரத்தடி, எருக்குழி பக்கமெல்லாம் தவிர்த்து பத்து இடத்தில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை மண்ணைச் சுரண்டினோம். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே. பிள்ளைகளுக்கு இந்த வேலை அவ்வளவு பிடித்துவிட்டது. தழைச்சத்து குறைவு என்று முடிவு வந்ததும், அவர்களே வீடு வீடாகப் போய் மக்கிய சாணி எரு கேட்டு வாங்கி வந்தார்கள்.

ஆடிப்பட்டத்தில் விதைத்தோம். நான் வெண்டை மட்டும் போதும் என்றேன். நண்பர்தான் முளைக்கீரையும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதே சரி. வெண்டை காய்க்க ஒன்றரை மாதம் ஆகும்; கீரையை 25 நாளில் பிடுங்கலாம். அதற்குள்ளேயே வருகிறவர்கள் ஒன்பது பேராகக் குறைந்திருந்தார்கள். கீரை மட்டும் இல்லையென்றால் அந்த ஒன்பதும் நின்றிருக்காது. பொடி விதையை மணலோடு கலந்து தூவியது, முளைப்பு தெரிந்த அன்று போட்ட கூச்சல், கட்டு பத்து ரூபாய் என்று தெருவில் விற்றது எல்லாம் அவர்கள்தான். 32 கட்டு, 320 ரூபாய். அதில் ஒரு பூவாளி வாங்கினார்கள்.

அப்புறம் வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்தது. வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய். வந்த செடியைக் காப்பாற்ற வழியில்லை. தாங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடிகளைத் தாங்களே பிடுங்க வேண்டும் என்றதும் ஒருத்தி அழுதேவிட்டாள். பிடுங்கி எரித்துவிட்டு, மிச்சத்துக்கு, ஈ வந்து ஒட்டிக்கொள்கிற மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தோம். முக்கால்வாசி தப்பியது.

அழுத பெண் அந்த அம்மாவின் மகள்தான். கார்த்திகையில் வந்து, "அண்ணே, எங்க தோட்டத்துலயும் மண்ணு எடுத்துக் குடுக்கலாமா?" என்று கேட்டாள். போனோம். குழி வெட்டியது அவள். சட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார் அவள் அம்மா.