அம்மா வீட்டுக்கு ஒரு டி.வி.

கும்பகோணத்தில் அம்மா வீட்டு டி.வி. சென்ற மாதம் இருண்டுபோனது. சத்தம் மட்டும் வந்தது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் டார்ச் அடித்துக் காட்டினார். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் சீரியல் நடிகையின் முகம் மங்கலாக அசைந்தது. படம் காட்டும் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, பின்னாலிருந்து ஒளி தரும் எல்.இ.டி. ஸ்ட்ரிப்தான் போய்விட்டது என்றார். பெயர் பெற்ற நிறுவனத்தின் டி.வி.தான் அது; ஆனால் ஒன்பது வருடப் பழைய மாடல் என்பதால், எங்கு தேடியும் அதற்குரிய ஸ்ட்ரிப் கிடைக்கவில்லை.

புதிதாக வாங்கலாம் என்று கடைக்குப் போனபோது, நான் கேள்விப்பட்டே இராத பெயருடன் 43 அங்குல டி.வி. ஒன்று 16,000 ரூபாய்க்கு நின்றது. 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், பெரிய திரையின் மேல் எனக்கும் ஆசை வந்தது உண்மை.

ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நிதானமாகப் படித்தால் பல விஷயங்கள் புலப்படும். பக்கத்தில் இருந்த 32 அங்குலப் பெட்டி ஒன்றில் ‘4கே சப்போர்ட்’ என்று பெரிய எழுத்திலும், திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை 1366 x 768 என்று மூலையில் சிறிய எழுத்திலும் போட்டிருந்தார்கள். 4கே வீடியோவை அந்த டி.வி. ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் அதற்குப் பொருள். திரை 4கே ஆகிவிடாது; அதற்குப் புள்ளிகள் இதைவிடப் பல மடங்கு வேண்டும். ‘ஆண்ட்ராய்டு’ என்ற சொல்லும் அப்படித்தான். கூகுளின் சான்று பெறாமலே ஆண்ட்ராய்டைப் பயன்படுத்தும் டி.வி.க்கள் உண்டு, அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் சரியாக ஓடாமல் போகலாம். கேபிளும் யூடியூபும் மட்டுமே பார்க்கும் அம்மாவுக்கு அது குறையாகாது, ஆனால் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். தரும் பதிவு எண்ணையும் பார்க்க வேண்டும்; அது ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால், எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே அதைச் செய்தேன்.

முடிவெடுக்க உதவியது மெக்கானிக் அண்ணன் சொன்னதுதான். பெயர் தெரியாத 32 அங்குல டி.வி.க்கள் பலவற்றில் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் பொது போர்டும் ஸ்ட்ரிப்பும்தான் இருக்கின்றன, பழுதானால் நானே மாற்றித் தருவேன் என்றார். பேனல் போய்விட்டால் மட்டும் எந்த பிராண்டிலும் லாபமில்லை, ஏனென்றால் அதன் விலை கிட்டத்தட்ட புது டி.வி.யின் விலைக்கு வந்துவிடும். 43 அங்குலத்தில் அந்த நஷ்டம் இன்னும் பெரிது. 32 அங்குலத்தின் எட்டாயிரத்தில் அந்த அபாயத்தை ஏற்கலாம், பதினாறாயிரத்தில் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பிராண்டின் பெயரை விட, கூப்பிட்டால் வரும் ஆள் பக்கத்தில் இருப்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். அப்படி ஓர் ஆள் இல்லாத ஊரில் அம்மா இருந்திருந்தால், ஐயாயிரம் கூடக் கொடுத்து, சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டையே வாங்கியிருப்பேன்.

32 அங்குலத்தையே எடுத்தோம். ஆன்லைனில் முந்நூறு ரூபாய் குறைவாக இருந்தும் உள்ளூர்க் கடையிலேயே வாங்கி, சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் செய்து, வாரண்டி அட்டையில் முத்திரையும் போட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் கூட்டும் பட்டன் கண்ணாடி போடாமலே தெரியுமா என்று. தெரிகிறது.