சிட்னியில் இரண்டு நாள் தரிசனம்: விநாயகர், முருகன், வேங்கடவன்

வேலை நிமித்தமோ பிள்ளைகளைப் பார்க்கவோ சிட்னிக்கு வருகிறவர்களுக்குக் கோயிலுக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு வார இறுதிதான். அது போதும். ஹோம்புஷ் வெஸ்ட் கற்பக விநாயகர், மேஸ் ஹில் முருகன், ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் ஆகிய மூன்று சன்னிதிகளையும் இரண்டு நாளில் நிதானமாகவே சேவிக்கலாம். முதல் இரண்டும் நகரின் மேற்கு ரயில் தடத்தை ஒட்டியவை, ஒரே நாளில் முடியும். ஹெலன்ஸ்பர்க் தெற்கே நாற்பத்தைந்து கிலோமீட்டர். அதை முதல் நாளோடு சேர்த்தால் நடை சாத்தும் நேரத்துக்கு மூச்சிரைக்கப் போய் நிற்க வேண்டிவரும். தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே கவனிக்க வேண்டியது பெட்டி. ஆஸ்திரேலியாவின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் மிகக் கடுமையானது. தேங்காய், பூமாலை, வெற்றிலை, பாக்கு, பழம், பால் சேர்த்த இனிப்பு, பழனிப் பஞ்சாமிர்தம், பசுஞ்சாணத் திருநீறு, ஏன், உருத்திராட்சம்கூட (அதுவும் ஒரு மரத்தின் விதைதான்) அங்கே கேள்விக்குரிய பொருள்களே. விமானத்தில் தரும் அறிவிப்புப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டால் அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார், அல்லது எடுத்துக்கொள்வார். அதோடு முடிந்தது. குறிக்காமல் அகப்பட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும், விசாவே ரத்தாகவும் கூடும். சுவாமி பிரசாதம்தானே என்று படிவத்தில் மறைக்க வேண்டாம். மறைத்து எடுத்துப்போவதைவிட, வேண்டியதை அங்கேயே வாங்கிச் சாத்துவதுதான் மனத்துக்கும் நிம்மதி. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்திலேயே ஏற்றக் கூடாது.

பூசைப் பொருள்களுக்குச் சிட்னியில் பஞ்சமில்லை. வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், ஹாரிஸ் பார்க், ஹோம்புஷ் பகுதிகளின் தமிழ், இந்தியக் கடைகளில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம், திரி, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். உதிரிப் பூவும் பழமும் மலிவாக வேண்டுமென்றால் ஃபிளெமிங்டன் நிலையத்தை ஒட்டிய சிட்னி மார்க்கெட்டுக்குப் போகலாம். மொத்த வியாபாரப் பூச்சந்தை என்பதால் விடியும் முன்பே களைகட்டி, காலையிலேயே அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூச்சந்தையை நம்பிப் போகாதீர்கள்.

முதல் நாள் விநாயகரிடம் தொடங்குவது முறை மட்டுமல்ல, வழியும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. கற்பக விநாயகர் கோயில் ஹோம்புஷ் வெஸ்டில், ரயில் பாதையை ஒட்டிச் செல்லும் 'தி கிரெசென்ட்' சாலையில் இருக்கிறது. ஃபிளெமிங்டனில் இறங்கினால் நடை தூரம். இங்கே பலர் தவறுவது ஒன்றுதான்: நகர மையத்துச் சென்ட்ரல் நிலையத்தில் 'பாரமட்டா' என்று பலகையில் கண்ட முதல் வண்டியில் ஏறிவிடுவார்கள். டி1 தடத்து விரைவு வண்டிகள் ஃபிளெமிங்டனில் நிற்காமல் போய்விடும். ஃபிளெமிங்டனில் நின்று போகும் டி2 வண்டியைப் பிடியுங்கள். ஏறும் முன் நடைமேடைத் திரையில் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பயணச்சீட்டுக்குத் தனியாக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையையோ கைப்பேசியையோ ஏறும்போதும் இறங்கும்போதும் ஓப்பல் என்னும் கட்டணக் கருவியில் காட்டினால் போதும். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஏறும்போது கைப்பேசி, இறங்கும்போது அட்டை என்று மாற்றினால் இரண்டு முடியாத பயணமாகக் கணக்காகி, இரண்டுக்கும் கூடுதல் கட்டணம் பிடிக்கும். குழந்தைகளுக்குக் கடைகளில் கிடைக்கும் சிறுவர் ஓப்பல் அட்டை வாங்கினால்தான் அரைக் கட்டணம். வெளிநாட்டிலிருந்து வரும் பெற்றோருக்கு மூத்தோர் சலுகை கிடையாது. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் நாள் முழுதுக்குமான கட்டண உச்சவரம்பு மற்ற நாள்களைவிடக் குறைவு.

விநாயகரைத் தரிசித்தபின் மறுபடி ரயிலேறி, லிட்கம்பில் மாறி வெஸ்ட்மீட் போகலாம். சிட்னி முருகன் கோயில் மேஸ் ஹில்லில், கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலை மேல் இருக்கிறது. அடியார்கள் வைகாசிக்குன்று என்பார்கள். சைவ மன்றம் எழுப்பிய கோயில், 1999இல் குடமுழுக்குக் கண்டது. ஈழத்திலிருந்து பிரிந்து வந்த மக்கள் தங்கள் ஊர்க் கோயில் ஒழுங்கை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருப்பதை இங்கே உணரலாம். பூசை குறித்த நேரத்தில் நடக்கும், பங்குனியில் கொடியேறித் தேரோடும். திருமுறை ஓதும்போது பேச்சுக்குரல் அடங்க வேண்டும் என்பதில் பெரியவர்கள் கண்டிப்பானவர்கள், அது சரியும்கூட. வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் அதிகம். அமைதியாக நின்று கும்பிட விரும்புகிறவர்கள் வார நாள் மாலைப் பூசைக்குப் போகலாம். வார நாள்களில் நடுப்பகலில் நடை சாத்தும் வழக்கம் சிட்னிக் கோயில்கள் பலவற்றில் உண்டு. அதனால் விநாயகரைக் காலையிலும் முருகனை மாலையிலும் வைத்துக்கொண்டு, நடுவில் ஹாரிஸ் பார்க்கிலோ வெண்ட்வொர்த்வில்லிலோ சாப்பிட்டு இளைப்பாறுவதே நல்ல திட்டம். அர்ச்சனைச் சீட்டு அலுவலகத்தில் கிடைக்கும். நட்சத்திரம், பெயர், கோத்திரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் குருக்களுக்கு உதவி.

இனி நாள்காட்டி விஷயம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாந்து போகிறார்கள். ஊர்ப் பஞ்சாங்கத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு பிரதோஷத்துக்கும் ஏகாதசிக்கும் கிளம்பினால், கோயிலில் அன்று சாதாரண பூசை நடந்துகொண்டிருக்கும். சிட்னி இந்திய நேரத்துக்கு நாலரை மணி முந்தியது. அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் அப்போது ஐந்தரை மணி. திதி தொடங்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், சூரிய உதயமும் அஸ்தமனமும்தான் ஊருக்கு ஊர் வேறு. பிரதோஷத்துக்கு அஸ்தமன வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். ஜூன் மாதம் சிட்னியில் அஸ்தமனம் மாலை 4.54 என்றால் அப்போது சென்னையில் மதியம் 12.24. அன்று திரயோதசி சென்னைக்கு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினால், சென்னையில் அன்றைக்கே பிரதோஷம். சிட்னியில் அந்த அஸ்தமனம் துவாதசியிலேயே கழிந்துவிடும், பிரதோஷம் மறுநாள். ஏகாதசியும் உதயத்தை வைத்து இப்படியே தள்ளிப்போகும். அதனால் கோயில் வெளியிடும் சிட்னி நாள்காட்டி ஒன்றே கணக்கு.

ராகுகாலமும் அப்படித்தான். பகல்பொழுதை எட்டாகப் பிரித்துச் சொல்வது அது. செவ்வாய்க்கிழமைக்கு ஏழாவது பங்கு. நம்மூரில் மூன்று முதல் நாலரை என்று மனப்பாடம். டிசம்பர் கடைசியில் சிட்னியின் பகல் பதினாலே கால் மணிக்கும் மேல். அப்போது செவ்வாய் ராகுகாலம் ஏறக்குறைய 4.28இலிருந்து 6.16 வரை. ஜூனில் பகல் பத்து மணி நேரம்கூட இல்லை, அதே ராகுகாலம் 2.25க்குத் தொடங்கி 3.40க்கு முடிந்துவிடும். ரீஜெண்ட்ஸ் பார்க் துர்க்கையம்மன் கோயிலில் செவ்வாயன்று எலுமிச்சை விளக்கேற்ற எண்ணியிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, கோயிலிலும் நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

பருவமும் தலைகீழ். மார்கழியில் நமக்குப் பனி, அங்கே உச்சக் கோடை. மேற்குப் புறநகர்களில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு வெளிப் பிராகாரத்தைச் சுற்றுவதை வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். ஜூலையில் அதே தரை சில்லிட்டிருக்கும். முதியவர்களுக்கு ஒரு சால்வை கூடுதலாக இருக்கட்டும்.

இரண்டாம் நாள் ஹெலன்ஸ்பர்க். 1985 ஜூனில் குடமுழுக்கான வேங்கடேஸ்வரர் கோயில். யூகலிப்டஸ் காட்டுக்கு நடுவே, பழைய நிலக்கரிச் சுரங்க ஊரின் ஓரத்தில், வெண்ணிறக் கோபுரம் எழுந்து நிற்கும் காட்சிக்கு ஈடு இந்தக் கண்டத்தில் வேறில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஒரே வளாகத்தில் பெருமாளும் தாயாரும் ஆண்டாளும் ஒரு பக்கம், சந்திரமௌலீஸ்வரரும் திரிபுரசுந்தரியும் மறு பக்கம். சைவ வைணவ பேதம் பாராமல் இரு பக்கமும் சேவித்துத் திரும்புவதுதான் இங்கே வழக்கம். தீர்த்தமும் சடாரியும் ஒருபுறம், திருநீறு மறுபுறம். அவசரப்பட்டு ஒரு பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். வார இறுதியில் கோயில் உணவகம் திறந்திருக்கும். தோசைக்கு வரிசை நீளும், முதலில் தரிசனம், பிறகு தோசை என்று வைத்துக்கொள்வது நல்லது.

போகும் வழி பற்றி ஒரு எச்சரிக்கை. சவுத் கோஸ்ட் ரயில் தடத்தில் ஹெலன்ஸ்பர்க் நிலையம் உண்டு, சென்ட்ரலிலிருந்து ஒரு மணி நேரம் போல ஆகும். ஆனால் எல்லா வண்டியும் நிற்பதில்லை. நிலையம் ஊரின் ஒரு கோடி, கோயில் மறு கோடி. இறங்கினால் வாசலில் டாக்சி காத்திருக்காது. வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவதும் அடிக்கடி நடப்பது. ரயிலில்தான் போவோம் என்றால் முதல் நாள் இரவே 'ட்ரிப் பிளானர்' செயலியில் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். முதியவர்களோ குழந்தைகளோ இருந்தால் கார்தான் சரி. சிட்னியின் சுங்கச் சாலைகளில் பணம் வாங்கும் சாவடியே இல்லை, எல்லாம் கேமராக் கணக்கு. வாடகைக் காரானால் சுங்கத்தோடு சேவைக் கட்டணமும் பின்னால் வரும்.

வைகுண்ட ஏகாதசியும் ஆங்கிலப் புத்தாண்டும் காட்டுத்தீக் காலத்திலேயே விழுகின்றன. வெப்பக்காற்று வீசும் நாளில் 'ஹசார்ட்ஸ் நியர் மீ' செயலியைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். தீ எச்சரிக்கை உச்சத்தில் இருந்தால் பயணத்தை மறுநாளுக்கு மாற்றுங்கள், பெருமாள் கோபிக்கமாட்டார். திரும்பும்போது நேரமிருந்தால் சில நிமிடத் தொலைவில் பால்ட் ஹில் மலைமுகடு. கடலையும், 2005இல் திறந்த 665 மீட்டர் சீ கிளிஃப் பாலத்துச் சாலையையும் அந்த வழியில் பார்க்கலாம்.

ஊர் திரும்பும் விமானம் இரவுதான் என்றால் ஒரு தரிசனத்துக்கு இன்னும் இடமுண்டு. மின்டோவில் முக்தி குப்தேஸ்வரர் குகைக் கோயில். நேபாள அரசர் 1999இல் அளித்த லிங்கம், பதின்மூன்றாம் ஜோதிர்லிங்கமாக அடியார்கள் போற்றுகிறார்கள். டி8 தடத்தில் மின்டோவில் இறங்கி, ஈகிள்வியூ சாலைக்கு டாக்சி வைத்துக்கொள்ளலாம். அதே டி8 தடம் சர்வதேச முனையம் வழியாகவும் போகிறது. ஆனால் நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் விமான நிலையத்தைத் தொடாமல் சிடனம் வழியாகப் போய்விடும். திரையில் 'விமான நிலையம் வழி' என்று இருந்தால் மட்டும் பெட்டிகளோடு ஏறுங்கள். விமான நிலைய நிறுத்தத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு.