நீலத் தாழைக்கோழியின் இறகு கடைசியில் தெரிந்தது

போன ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தில் எடுத்த படத்தில் நீலத் தாழைக்கோழியின் முதுகு இறகுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. மார்பின் பச்சை கலந்த நீலம் முதுகின் ஊதா நீலத்தோடு கலக்கும் இடமும் தெரிகிறது. ஐப்பசியில் தொடங்கிய முயற்சி, இப்போது பங்குனி. கேமரா அதேதான், செகண்ட் ஹேண்டாக வாங்கிய 65 மடங்கு ஜூம். லென்ஸ் மாற்ற முடியாது, ஒளியைப் படமாக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதில் இப்படி ஒரு படம் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எப்படி வந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

சின்ன ஜூம் கேமராவுக்கு இந்தப் பறவையைப் போல ஒரு சோதனை கிடையாது. உடம்பு அடர்நீலம், நெற்றித் தகடும் அலகும் சிவப்பு, வாலடி வெள்ளை. உடம்புக்கு வெளிச்சம் பார்த்து வைத்தால் நெற்றி தட்டையான சிவப்பு பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான பொதுவான ஹிஸ்டோகிராமில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். சிவப்புக்கு உரிய கோட்டைத் தனியாகப் பார்த்தால்தான் அது வலது ஓரத்தில் முட்டி நிற்பது தெரியும். அதற்காக எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்தால் நெற்றி ஓரளவு பிழைக்கும், நீல உடம்பு இருட்டில் போய்விடும். இருட்டை அப்புறம் கம்ப்யூட்டரில் தூக்கினால் முதுகு முழுக்கப் பொரிப் பொரியாக நாய்ஸ் என்னும் புள்ளித் தூசி. தேரூரிலும் சுசீந்திரத்திலும் மற்ற பறவைகளைத் தேட வேண்டும், தாழைக்கோழி மட்டும் எப்போது போனாலும் தாமரை இலை மேல் நடந்துகொண்டிருக்கும். ஆகவே இதை வைத்தே பழகுவது என்று முடிவு செய்தேன்.

முதல் மூன்று மாதமும் போன வழி தப்பு. ஜேபெக்கில் எடுத்தவரை கேமராவே நாய்ஸை வழித்துவிடும், கூடவே இறகையும் வழித்துவிடும். மெழுகுப் பொம்மை மாதிரி முதுகு. சரி என்று கேமரா கை வைக்காத ரா ஃபைலுக்கு மாறினேன். இப்போது நாய்ஸ் அப்படியே வந்தது. ஷார்ப்பன் கூட்டினால் நாய்ஸும் சேர்ந்து கூர்மையாகும். நாய்ஸ் ரிடக்ஷன் கூட்டினால் மறுபடி மெழுகு. இந்த இரண்டு ஸ்லைடருக்கும் நடுவே எத்தனை ராத்திரி போனது என்று கணக்கில்லை. எல்லாம் நூறு சதவீதப் பெரிதாக்கலில், பிக்சல் பிக்சலாகப் பார்த்துக்கொண்டு. கோளாறே அங்கேதான் இருந்தது.

வழி காட்டியது கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் இருக்கும் வேவ்லெட் டீகம்போஸ். படத்தை அது நுணுக்கத்தின் அளவுப்படி ஐந்து லேயராகவும் மிச்சம் ஒன்றாகவும் பிரித்துத் தரும். முதல் லேயரில் மிக நுண்ணிய விவரம், அடுத்ததில் அதைவிடக் கொஞ்சம் பெரியது, அப்படியே ஏறிக்கொண்டு போகும். தோல் பளபளப்பு சரிசெய்ய போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் பயன்படுத்துவதுதான். நான் சும்மா ஒவ்வொரு லேயராகக் கண் குறியை அழுத்தி மறைத்தும் காட்டியும் பார்த்தேன். முதல் லேயரை மட்டும் தனியாக விட்டால் வெறும் மணல். கோழியின் உருவமே இல்லை, அலகின் விளிம்பு மட்டும் மங்கலாக. அந்த லேயரை அணைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் திறந்தேன். முதுகில் ஒரு இறகுகூடக் குறையவில்லை, மணலில் பெரும்பகுதி காணோம். இரண்டாவது லேயரில்தான் இறகின் கோடு லேசாகத் தொடங்குகிறது, மூன்றாவதில் தெளிவாக இருக்கிறது.

ஏன் இப்படி என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 6.17 மில்லிமீட்டர். அதில் குறுக்கே 4608 பிக்சல். ஒரு பிக்சல் 1.34 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). முழு ஜூமில் லென்ஸின் ஒளித் துளை எஃப் 6.5. அந்தத் துளை வழியாக வரும் ஒளி, லென்ஸ் எவ்வளவு நல்லதானாலும், ஒரு புள்ளியைப் புள்ளியாக விழ விடாது, சின்ன வட்டமாக விரிக்கும். பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு 2.44 என்ற மாறிலி பெருக்கல் அலைநீளம் 0.55 மைக்ரான் பெருக்கல் துளை எண் 6.5, அதாவது 8.7 மைக்ரான். ஆறு பிக்சலுக்கு மேல்! ஒற்றைப் பிக்சல் அளவில் பறவை பற்றிய செய்தி ஏதும் வந்து சேரவே இல்லை, வந்ததெல்லாம் நாய்ஸ். நான் மூன்று மாதமாகக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தது அதைத்தான்.

இது புரிந்த பிறகு வேலை சுருக்கமாகிவிட்டது. ரா ஃபைலைத் திறக்கும் ரா தெரபி மென்பொருளில் வெளிச்சமும் நிறமும் மட்டும் சரிசெய்து, அங்கே ஷார்ப்பனை முழுக்க அணைத்து, 16 பிட் டிஃப் ஃபைலாக கிம்ப்புக்குக் கொண்டுபோகிறேன். அங்கே முதல் வேலை படத்தைச் சரி பாதியாக்குவது, 4608 அகலம் 2304 ஆக. நாலு பிக்சல் சேர்ந்து ஒன்றாகும்போது நாய்ஸ் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது, இறகு அப்படியே நிற்கிறது. பிறகுதான் நாய்ஸ் ரிடக்ஷன், அதுவும் கொஞ்சம். எல்லாம் முடிந்து கடைசியில் ஷார்ப்பன், ரேடியஸ் 0.8, அமௌண்ட் 0.6. முதலில் ஷார்ப்பன் செய்து அப்புறம் சிறிதாக்கியும் பார்த்தேன். அலகின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது. வரிசை மாறவே கூடாது.

வேவ்லெட்டை இப்போது பார்ப்பதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். உங்கள் கேமராவின் முதல் லேயரில் பறவை தெரிந்தால் பாதியாக்க வேண்டாம், முக்கால் போதும். தெரியாவிட்டால் தயங்காமல் பாதியாக்குங்கள். மெகாபிக்சல் போகிறதே என்று மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. 16 மெகாபிக்சலில் எடுத்ததை 4 ஆக்குவது சோற்றைக் கீழே கொட்டுவது மாதிரி இருந்தது. ஒரு தடவை இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்து வைக்கும் மாஸ்க் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னணித் தண்ணீரையும் சம்பங்கோரையையும் கோழியோடு சேர்த்து ஒரே அளவில் நாய்ஸ் ரிடக்ஷன் செய்தால் ஏதாவது ஒன்று கெடும். ஆகவே கோழியைச் சுற்றிக் கையால் மாஸ்க் வரைந்து, பின்னணிக்கு அதிகமும் கோழிக்குக் குறைவுமாகக் கொடுக்கிறேன். விளிம்பை மூன்று பிக்சல் மென்மையாக்கினால் வெட்டி ஒட்டியது மாதிரித் தெரியாது. ஒரே சிக்கல் கால்விரல். தாழைக்கோழியின் விரல் நீண்டது, ஈரத் தாமரை இலை மேல் பரப்பி வைத்து நிற்கும். விரலையும் இலையையும் பிரித்து வரையப் போனால் விரல் மிதப்பது போல் ஆகிறது. அந்த இலையையும் பறவையோடு சேர்த்தே மாஸ்க்குக்குள் விட்டுவிட்டேன், அழகாக உட்கார்ந்துவிட்டது.

இவ்வளவும் களத்தில் எடுத்த படம் ஒழுங்காக இருந்தால்தான். நாகர்கோவிலில் ஒரு கடையில் கேமராவோடு சேர்த்துத் தலையில் கட்டிய யூவி ஃபில்டர் என்ற மேல்கண்ணாடியை மாட்டி வைத்திருந்தேன், லென்ஸுக்குப் பாதுகாப்பு என்றார்கள். ஜூம் முழுக்கப் போகும்போது படம் முழுவதும் ஒரு மென்படலம். மார்கழியில் கழற்றி எறிந்தேன். அதே கரை, அதே நேரம், கொக்கின் கழுத்து இறகு பிரிந்து தெரிந்தது. அந்த முந்நூறு ரூபாய் இன்னும் வலிக்கிறது. இப்போது கறுப்பு சார்ட் பேப்பரில் லென்ஸுக்கு வெயில் மறைப்பாக ஒரு ஹுட் செய்து மாட்டியிருக்கிறேன்.

ட்ரைபாட் தேரூர்க் கரையில் எனக்கு ஒத்துவரவில்லை. கால் பரப்பி நிறுத்துவதற்குள் கோழி கோரைக்குள் போய்விடும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி வடசேரியில் ஒரு தையல்காரரிடம் பை தைத்து வாங்கினேன். முதலில் உமி நிரப்பினேன், எடை போதவில்லை. இந்தக் கும்பப்பூ அறுவடையில் கிடைத்த நெல் இரண்டு கிலோ போட்டேன், கச்சிதம். மதகுச் சுவரில் வைத்து அமுக்கினால் கேமரா அதில் புதைந்து நிற்கிறது. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறங்கும்போது என்ன ஆகும் என்று அப்போது பார்க்கலாம்.

நேரத்தைச் சொல்லித் தந்தது தாமரை பறிக்க வரும் ஒரு பெரியவர். நான் எட்டரை மணிக்குப் போய் நிற்பதைச் சில வாரம் பார்த்துவிட்டு, "வெயிலு ஏறிச்சின்னா கோழி பூராவும் உள்ள போயிரும் மக்களே, விடிஞ்ச உடனே வந்திரணும்" என்றார். "சரி அண்ணாச்சி" என்று மறுவாரம் ஆறேகாலுக்கே போனேன். அவர் சொன்னது கோழிக்காக. எனக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறொன்று கிடைத்தது, சூடு ஏறாத காற்று.

தை மாதம் முழுவதும் சாமிதோப்பு, புத்தளம் உப்பளங்களில் நெடுங்கால் உள்ளான் என்ற கரைப்பறவையை எடுத்துக் கெடுத்தேன். ஷட்டர் ஆயிரத்தில் ஒன்று வைத்தும் கூர்மை இல்லை. ஒரே இடத்தில் நின்ற பறவையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்தபோது புரிந்தது. ஒவ்வொரு படத்திலும் அந்தச் சிவப்புக் கால் வேறு விதமாக நெளிந்திருந்தது. கை ஆடினால் படம் முழுதும் ஒரே பக்கம் இழுபடும். ஃபோகஸ் தப்பினால் முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது கூர்மையாக இருக்கும். இது இரண்டும் இல்லை, காய்ந்த பாத்தியிலிருந்து எழும் சூட்டுக் காற்று. எந்த மென்பொருளும் அதை நிமிர்த்தாது. ஜூம் கூட்டினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். காலை ஏழு மணிக்குள், நாற்பது ஐம்பது அடிக்குள் பறவை வந்தால்தான் உண்டு. உப்பளத்துப் படம் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், ஒன்றை மட்டும் நெளிந்த காலுக்கு அடையாளமாக வைத்திருக்கிறேன்.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. வேம்பனூரில் இன்னும் நான் சரியாக உட்காரவே இல்லை, அடுத்து அங்கேதான். மணக்குடிப் பொழிமுகத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் பாக்கி. வெள்ளை உடம்புக்கு இந்த வரிசை எப்படி வேலை செய்யும் என்று பார்க்க வேண்டும். அடுத்த பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குள் எந்த இனம் என்று பெயர் சொல்லும் அளவுக்கு உள்ளான்களைப் படம் எடுக்கவும் ஆசை. அதற்குத் தனியாகப் பழக வேண்டும். சின்ன உள்ளானில் இறக்கையின் வரியை நாய்ஸ் ரிடக்ஷன் தின்றுவிட்டால் பறவையே வேறாகிவிடும், அதில் அழகைவிட அடையாளம் முக்கியம்.

ஆனால் தாழைக்கோழி இன்னும் முடியவில்லை. முதுகு வந்துவிட்டது, நெற்றி வரவில்லை. மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தும் தகட்டின் மேல் பாதியில் சிவப்புக் கோடு ஓரத்தைத் தொடுகிறது. பாதியாக்கும் வழி கையில் இருப்பதால் முதுகை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கத் துணியலாம் என்று நினைக்கிறேன். நாளைக் காலை ஒரு முழு ஸ்டாப் குறைத்து இருபது படம், ஒன்றேகால் குறைத்து இருபது படம். நெல் பை வண்டியில் ஏற்றியாயிற்று, பேட்டரி இரண்டும் சார்ஜில் இருக்கிறது.