கம்பி மறைந்தால் போதுமா?

நல்ல மிருகக்காட்சிசாலையை எடைபோட நான் முதலில் பார்ப்பது புலியை அல்ல, பறவைக்கூடத்தை. புலி, சிங்கத்துக்கு எதிரே நிற்கும் கம்பியை அகற்றும் வழி 1907லேயே கிடைத்துவிட்டது. ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் அகழி வெட்டினார், கம்பி போய்விட்டது. பறவைக்கு அகழி எதற்கு ஆகும்? மேலே வலை போட்டே ஆக வேண்டும்.

லண்டனின் ஸ்னோடன் பறவைக்கூடம் 1965இல் திறந்தது. கட்டடமாகப் பார்த்தால் இன்றும் அசரவைக்கும். 2022 முதல் அதில் கொலோபஸ் குரங்குகள்தான் தாவுகின்றன. அந்த உயரம் அவற்றுக்கு அருமையாகப் பொருந்துகிறது.

என் ஓட்டு சூரிச் மிருகக்காட்சிசாலையின் மசோவாலா மண்டபத்துக்கு. 2003இல் திறந்தது. 11,000 சதுர மீட்டர், 30 மீட்டர் உயரம், உள்ளே மடகாஸ்கர் மழைக்காடு. செந்நிற லெமூர், பழந்தின்னி வௌவால், பறவைகள் எல்லாம் ஒரே கூரையடியில். எதுவும் உடனே கண்ணில் படாது, பொறுமையாக நிற்க வேண்டும். இலைக்கு நடுவே சிட்டுக்குருவி அளவில் பளீரென்று சிவப்பு தெரிந்தால் அது இனப்பெருக்க காலத்து ஆண் ஃபோடி. பெண் பறவை மங்கிய பழுப்பு, பக்கத்திலேயே இருந்தாலும் தப்பிவிடும்.

பரப்பில் தென்னாப்பிரிக்காவின் பேர்ட்ஸ் ஆஃப் ஈடன் இன்னும் பெரியது. இயற்கையாக வளர்ந்த காட்டின் மேலேயே வலையை விரித்திருக்கிறார்கள், 2 ஹெக்டேருக்கும் மேல். பஞ்சவர்ணக்கிளி இறக்கையை முழுதாக விரித்து நேராகப் பறக்க அப்படி ஓர் இடம்தான் வேண்டும்.

ஆனால் அளவு மட்டும் போதாது. இருவாச்சிக்கு எத்தனை ஏக்கர் கொடுத்தாலும், பெட்டை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள ஒரு பொந்து இல்லையென்றால் முட்டையிடாது. பெரிய பறவைக்கூடம் எதற்குப் போனாலும் முதலில் பொந்தைத் தேடுங்கள்.