முதல் குடியை விட்டிட்டு வா எண்டா எப்பிடி?

எங்கட சனத்திட்ட ஒரு முடிவு இருக்கு. ஒருத்தன் தவறணையே கதியெண்டு கிடந்தா அவனுக்கு இருக்கிறது ஒரே ஒரு வருத்தம், அது குடி. சந்நிதிக்கு நேர்த்தி வை, கலியாணத்தைக் கட்டி வை, ஏலாட்டி வெளிநாட்டுக்கு அனுப்பு, எல்லாம் சரியாயிடும். (கட்டி வந்த பிள்ளையின்ர பாடு? அதை ஒருத்தரும் கேக்கிறேல்ல.)

எங்கட சொந்தத்தில ஒரு அண்ணை. மாசக்கணக்கா அறைக்குள்ளயே கிடப்பார், முழுகமாட்டார், சாப்பிடமாட்டார், பொழுதுபட சாராயத்துக்கு மட்டும் எழும்புவார். பிறகு திடீரெண்டு ஒரு காலம் வரும், நித்திரையே தேவையில்லை, விடியப்புறம் கிணத்தடியில நிண்டு போன்ல யாவாரம் கதைப்பார், காணியை ஈடு வச்சு லொறி எடுக்கப்போறன் எண்டுவார், அப்ப குடி இன்னும் கூட. வீட்டுக்காரர் எல்லாத்தையும் வெறியெண்டே விட்டிட்டினம். உண்மையில அது பைபோலர், மனசு ஒரு காலம் அடியில கிடந்து இன்னொரு காலம் அளவுக்கு மிஞ்சி எழும்புற வருத்தம். குடி நிப்பாட்டுற இடத்தில "மனவருத்தத்துக்குக் கிளினிக் போங்கோ" எண்டினம், கிளினிக்கில "முதல் குடியை விட்டிட்டு வாங்கோ" எண்டினம். எனக்கு வாற கோவமே இதுதான்.

இது அபூர்வமான சோடியும் இல்லை. அமெரிக்காவில 1990ல வந்த ஒரு பெரிய ஆய்வில பைபோலர் உள்ள ஆக்களில அரைவாசிக்கு மேல குடியோ வேற போதையோ ஏதோ ஒரு காலத்தில பிரச்சினையா இருந்திருக்கு.

சரி, டொக்டர்மார் பொறுத்துப் பாக்கிறதிலயும் நியாயம் இருக்கு. குடியே மனசைக் கீழ இழுக்கும், அப்பிடி வந்த சோர்வு குடியை நிப்பாட்டி கொஞ்சக் கிழமையில தானா குறையிறது கூட. ஆனா குடிக்கத் தொடங்க முதலே, இல்லாட்டி குடிக்காம இருந்த காலத்திலயும் இந்த ஏத்த இறக்கம் இருந்ததோ எண்டு வீட்டுக்காரர் தான் சொல்லோணும், அதை டொக்டர் கேக்கோணும். கேக்காம சோர்வுக்கான குளிசையை மட்டும் குடுத்தா பைபோலர்காரர் சிலருக்கு அது மற்றப் பக்கத்துக்குத் தூக்கி விட்டிடும். பைபோலருக்குக் குடுக்கிற லித்தியம் எண்ட மருந்தை எடுக்கிற ஆள் வெறியில சத்தி எடுத்து உடம்பில தண்ணி வத்திப்போனா ரத்தத்தில மருந்து கூடி நஞ்சாகலாம். இப்பிடி ஒண்டுக்குள்ள ஒண்டு கிடக்கிறதை ரெண்டு இடத்தில ரெண்டு கொப்பி போட்டு எப்பிடிப் பாக்கிறது?

இன்னொண்டு, கதவைப் பூட்டி வச்சுக் குடியை மறக்க வைக்கிற வேலை வேண்டாம். நாளாந்தம் கூடக் குடிச்ச ஆள் சடாரெண்டு விட்டா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூண்டு நாளில இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சு பிதற்றலாம், சனம் பேய் எண்டு நூல் கட்ட ஓடும், அதில ஆள் செத்தும் போகலாம். ஆஸ்பத்திரியில மருந்தும் தைமின் எண்ட விற்றமினும் குடுத்து பக்குவமா இறக்குவினம்.

இப்ப அண்ணையை ஒரே டொக்டர் தான் ரெண்டுக்கும் பாக்கிறா. இடையில ஒருக்கா கள்ளு குடிச்சிட்டார், அண்ணி போய்ச் சொல்ல டொக்டர் பேசேல்ல, நித்திரை எப்பிடி எண்டுதான் முதல் கேட்டா, ஏனெண்டா அது குறையிறது தான் அடுத்த எழுப்பத்துக்கு முதல் அறிகுறி.

உங்கட வீட்டிலயும் இப்பிடியெண்டா 1926க்கு எடுத்துக் கதையுங்கோ, இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம்.