வழி தவறினால் கீழே இறங்கு: லா பாஸ் நாட்குறிப்பு

ஜூலை 10, 2024, புதன்

பொலிவியாவில், தித்திகாகா ஏரிக்கரையில் இருக்கும் கோப்பகபானாவிலிருந்து காலையில் நானும் தம்பியும் லா பாஸுக்கு பஸ் ஏறினோம். திக்கினா நீரிணை வந்ததும் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பஸ் ஒரு மரத் தெப்பத்தில் தனியாக மிதந்து போக, நாங்கள் சின்ன மோட்டார் படகில் அக்கரை சேர்ந்தோம். அப்புறம் ரொம்ப நேரம் மேட்டுச் சமவெளிதான். லா பாஸுக்கு மேலே இருக்கும் எல் ஆல்தோ ஊருக்குள் நுழைந்த பிறகும் அதே சமதரை. செங்கல் வீடுகள், டயர் கடைகள், மினிபஸ் நெரிசல். திடீரென்று ஒரு திருப்பத்தில் தரையே முடிந்துவிட்டது. கீழே பெரிய பள்ளம், அதற்குள் லா பாஸ். சரிவுகள் எங்கும் பூச்சு பூசாத செங்கல் வீடுகள், அடியில் மாடிக் கட்டடங்கள், தூரத்தில் 6,438 மீட்டர் உயர இயிமானி மலை பனியோடு. "அக்கா, ஊர் முழுக்கக் கீழ இருக்கு பாரு" என்றான் தம்பி.

அறை சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்துக்குப் பக்கத்தில், 3,600 மீட்டருக்குச் சற்று மேலே. பையோடு மாடி ஏறியதற்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. விடுதிக்காரம்மா கோகா இலை போட்ட வெந்நீர் கொடுத்து, இந்த ஊர்க்காரர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதையும் சொன்னார்: கொஞ்சமாகச் சாப்பிடு, மெதுவாக நட, தனியாகத் தூங்கு. கூடவே ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். தெரு புரியாவிட்டால் இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடங்கள், எல் பிராதோ சாலை வந்துவிடும். அதற்கு அடியில்தான் சொகெயாபு ஆறு ஓடுகிறது, மூடிவிட்டார்கள்.

ஜூலை 11, வியாழன்

மெதுவாக நடப்பது என்றால் என்ன என்று சகார்னகா தெரு சொல்லிக் கொடுத்தது. தேவாலயத்தின் பக்கவாட்டிலிருந்து நேரே மேலே ஏறுகிற கல் பாவிய தெரு. அரைத் தெரு போவதற்குள் இரண்டு முறை நின்றோம். அதே தெருவில் வட்டத் தொப்பியும் அடுக்குப் பாவாடையுமாக ஒரு பாட்டி, முதுகில் வண்ணத் துணியில் உருளைக்கிழங்கு மூட்டையோடு, எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

இங்கே நடைபாதையில் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பது பெரிய விஷயம். வெயில் பக்கம் என்றால் சட்டை போதும், நிழல் பக்கம் போனால் ஸ்வெட்டர் வேண்டும். காற்று அவ்வளவு மெலிசு, அதில் சூடு தங்குவதில்லை. நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கிறது, எங்கள் நிழல் தெற்கே விழுகிறது. மதியம் பிளாசா முரியோவில் நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரத்தைப் பார்த்தபோது இதை யோசித்துக்கொண்டேதான் நின்றேன். அதன் முள் மற்ற கடிகாரங்களைப் போல வலமாகச் சுற்றுவதில்லை, எதிர்த்திசையில் சுற்றுகிறது. 2014இல் மாற்றினார்கள். தென் அரைக்கோளத்தில் சூரியக் கடிகாரத்தின் நிழல் எதிர்த்திசையில்தான் நகரும், பிறகு நம் கடிகாரம் ஏன் வடக்கத்திக்காரர்களுக்காக ஓட வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது.

அதே சதுக்கத்தில்தான் இரண்டு வாரத்துக்கு முன்னால், ஜூன் 26 அன்று, ராணுவத்தினர் கவச வண்டியால் பழைய ஜனாதிபதி அரண்மனைக் கதவை இடித்தார்கள். இன்று பிள்ளைகள் புறாவுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜனாதிபதி வியாரோயெலை 1946இல் ஒரு கூட்டம் விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டதும் இங்கேதான். ஆட்சி இங்கே நடந்தாலும் அரசியல் சட்டப்படி தலைநகர் சுக்ரே. ஆனாலும் பொலிவியாவில் எது வெடித்தாலும் இந்தச் சின்னச் சதுக்கத்தில்தான் வந்து வெடிக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

இன்று முழுக்கச் சாப்பாடு. காலையில் சல்தேன்யா. மைதா மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் குழம்போடு அடைத்துச் சுட்டது. நட்டுக்குத்தலாகப் பிடித்து, நுனியைக் கடித்து, முதலில் குழம்பை உறிஞ்சிவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டை போச்சு. மதியத்துக்குள் தீர்ந்துவிடும், சாயங்காலம் கேட்டால் கிடைக்காது.

ரோட்ரிகெஸ் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டோம். காரணம் ஒரு கல். பதான் என்கிறார்கள். தட்டையான அடிக்கல், அதன் மேல் அடிப்பக்கம் வளைந்த கனமான இன்னொரு கல். நம் அம்மியைப் போலவே இருக்கிறது. ஆனால் குழவியை முன்னும் பின்னும் இழுப்பதில்லை, இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டுகிறார்கள். கடைக்காரம்மா தக்காளியையும் லொகோதோ மிளகாயையும் வைத்து ஆட்டினார். லொகோதோவின் விதை கன்னங்கரேலென்று இருக்கும், அதையும் எடுப்பதில்லை. கிர்கின்யா என்ற கீரையைக் கிள்ளிப் போட்டு, கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான் யாஹ்வா. நிலக்கடலை சூப்பில் ஒரு கரண்டி கலந்து குடித்ததும், இத்தனை நாளாக அடைத்துக்கொண்டிருந்த காது திறந்த மாதிரி இருந்தது. நான் கல்லையே பார்ப்பதைக் கவனித்து, ஆட்டிப் பார்க்கிறாயா என்று கையால் காட்டினார். ஆட்டினேன். அவர் நாலு ஆட்டில் அரைப்பதற்கு எனக்கு இருபது ஆட்டு வேண்டியிருந்தது.

பக்கத்தில் கிழங்கு விற்கிற அம்மாக்கள் வரிசை. கறுப்பாகக் கூழாங்கல் மாதிரி கிடப்பது சுன்யோ. ராத்திரிப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை எடுத்து, வெயிலில் காயவைத்த உருளைக்கிழங்கு. வருஷக்கணக்கில் கெடாது. தம்பி ஆரஞ்சு வாங்கினான், கேட்காமலே ஒன்று கொசுறு.

டாலர் தட்டுப்பாடு என்று எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு டாலருக்கு அரசாங்க விலை 6.96 பொலிவியானோ, தெருவில் அதைவிட எவ்வளவோ கூட. எங்களுக்கு அது லாபம். ஆனால் அந்தக் கடைக்காரம்மாவுக்கு எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகிறதாம். அதைக் கேட்ட பிறகு லாபத்தைப் பற்றிப் பேச மனம் வரவில்லை.

ஜூலை 13, சனி

ஹயேன் தெரு வழியாக ஏறினோம். காலனி ஆட்சிக் காலத்து வீடுகள், வண்டி வராத குறுகலான தெரு. ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான 1809 ஜூலை 16 எழுச்சிக்குத் தலைமை தாங்கி, 1810 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட முரியோவின் வீடு இங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது.

அங்கிருந்து கில்லி கில்லி மேடு. படிக்கட்டுகள் முடிகிற பாடாக இல்லை. மேலே நின்று பார்த்தால்தான் இந்த ஊரின் வரலாறு புரிகிறது. 1781இல் துபாக் கதாரியின் அய்மாரா பூர்வகுடிப் படை விளிம்பில் நின்று, பள்ளத்தில் இருந்த ஸ்பானியர்களை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. கடைசியில் அவரைப் பிடித்துக் குதிரைகளால் கிழித்துக் கொன்றார்கள், தலையை இந்த மேட்டில்தான் வைத்தார்கள். அவர் மனைவி பர்த்தோலினா சிசாவை அடுத்த வருஷம் கீழே சதுக்கத்தில் கொன்றார்கள். 2003 அக்டோபரில் எல் ஆல்தோ மக்கள் அதே விளிம்பை மறித்தார்கள், ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடினார். பாதையெல்லாம் மேலே இருக்கிறது. மேலே இருக்கிறவன் மறித்தால் கீழே ஒரு மூட்டை அரிசி இறங்காது. பணம் மட்டும் நேர்மாறு. ஏழைகள் 4,000 மீட்டருக்கு மேலே குளிரில், வசதியானவர்கள் 3,300 மீட்டர் பக்கம் கதகதப்பில். மலை ஊர்களில் பணக்காரன்தான் உயரத்தில் இருப்பான் என்று நினைத்திருந்தவள் நான்.

ஜூலை 14, ஞாயிறு

சிவப்புத் தடக் கேபிள் காரில் எல் ஆல்தோ. 3 பொலிவியானோ டிக்கெட். 2014இல் இந்தத் தடத்தோடுதான் தொடங்கினார்கள், இப்போது பத்துத் தடங்கள். எங்கள் பெட்டியில் ஒரு பாட்டி, பேரன், ஒரு கோழி. சரிவில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் யாரும் செய்திருக்க முடியாது.

வியாழனும் ஞாயிறும் கூடுகிற ஜூலை 16 சந்தையில் கார் கதவு முதல் பழைய கோட்டு வரை எல்லாம் உண்டு. தம்பி ஒரு கம்பளித் தொப்பி வாங்கினான். தலைக்கு மேலே கட்டடக் கலைஞர் ஃப்ரெடி மமானி பாணி மாளிகைகள்: பச்சையும் ஆரஞ்சுமாக, கீழே கடை, நடுவில் கல்யாண மண்டபம், உச்சியில் உரிமையாளர் வீடு. அய்மாரா வியாபாரிகள் தங்கள் பணத்தில், தங்கள் ரசனையில் கட்டியது. கண்ணைப் பறிக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், எனக்குப் பார்த்துத் தீரவில்லை.

திரும்பும்போது கல்லறை நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம். பொதுக் கல்லறையில் இறந்தவர்கள் மாடி மாடியாக இருக்கிறார்கள். ஒவ்வொரு மாடத்துக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே பூ, போட்டோ, கையளவு கோலா பாட்டில், பொம்மை ரொட்டி. மேல் மாடத்துக்குப் பூ வைக்க ஏணி. ஒரு பெண் ஏணியில் நின்றபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே இருப்பவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கேமராவை வெளியே எடுக்கவில்லை.

அங்கிருந்து இறக்கம்தான். லாஸ் ஆந்தெஸ் தெருவில் ஊர்வல ஆட்டக்காரர்களுக்கு முகமூடியும் ஜரிகை உடையும் தைக்கிறார்கள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமலே இறங்கி, சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தோம். விடுதிக்காரம்மா சொன்னது பலித்தது.

ஜூலை 15, திங்கள்

ராத்திரி தீப்பந்த ஊர்வலம், நாளை ஊரின் திருநாள். பள்ளிப் பிள்ளைகள், சங்கங்கள், பேண்டு வாத்தியம். குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி. பாலில் சிங்கானி சாராயம் கலந்து சூடாக நுரைக்க நுரைக்கக் கொடுக்கிற சுகும்பே குடித்தோம். கை விறைத்துவிட்டது, இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூலை 17, புதன்

நேற்று விடுமுறை, அணிவகுப்பு, கூட்டம். இன்று ஒரே யோசனை: இத்தனை நாளும் வழி காட்டிய ஆற்றைக் கண்ணால் பார்ப்பது.

பிராதோவில் வரிக்குதிரை வேஷம் போட்ட பிள்ளைகள் சாலை கடக்க உதவினார்கள். 2001இலிருந்து நடக்கிற ஏற்பாடு. முகத்தை முழுக்க மூடிக்கொண்டு ஷூ பாலிஷ் போடுகிற இளைஞர்களும் அங்கேதான். இந்த வேலை செய்வது தெரிந்தால் அக்கம்பக்கத்தில் கேவலமாகப் பார்ப்பார்கள் என்றுதான் அந்த முகமூடி. அவர்கள் விற்கிற பத்திரிகை ஒன்று உண்டு, "ஓர்மிகோன் அர்மாதோ". ஒன்று வாங்கினோம்.

ஆர்சே சாலை வழியாக இறங்க இறங்க மூச்சு சுலபமாகிறது, மரங்கள் வருகின்றன, வீட்டுச் சுவர்கள் உயர்கின்றன. ஒப்ராஹெஸ் பக்கம் ஆறு வெளியே தெரிந்தது. கான்கிரீட் வாய்க்காலில் சாம்பல் நிறத் தண்ணீர், நுரை, மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றம். மேலே உள்ள ஊரின் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் இதில்தான் கலக்கின்றன. இன்னும் கீழே ரியோ அபாஹோ பள்ளத்தாக்கில் இந்தத் தண்ணீர் பாய்கிற வயல்களில் கீரையும் காய்கறியும் விளைகின்றன, அவை இதே ஊரின் சந்தைக்குத் திரும்ப ஏறி வருகின்றன. வேண்டாத ஆற்றை மூடி மேலே சாலை போட்டால் அது போய்விடும் என்று எத்தனை ஊர்கள் நம்பியிருக்கின்றன! எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு அழகான பள்ளத்தாக்கைச் செதுக்கிக் கொடுத்ததே அந்த ஆறுதான்.

"ஏறி நடக்கலாமா அக்கா?" என்றான் தம்பி. முடியாது என்றேன். பச்சைத் தடக் கேபிள் கார் பிடித்து, மஞ்சளுக்கு மாறி மேலே வந்தோம். நாளை காலை ஓருரோவுக்கு பஸ், பை இன்னும் கட்டவில்லை.